டாக்டரிடம் போகும்போது ஒரு தாள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடம்புக்கு ஏதாவது வந்தால் ஏஐ சாட்பாட்டிடம் கேட்கலாமா, கூடாதா என்று போன கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ‘டாக்டரை விட நல்லா சொல்லுது சார்’ என்று ஒரு கட்சி. ‘அதைத் தொடவே தொடாதீங்க’ என்று இன்னொரு கட்சி. அடுத்த மாதம் இதைப் பற்றிப் பேசுங்கள் என்று செயலாளர் என்னிடம் சொன்னார். எனக்கு மருத்துவம் தெரியும் என்பதற்காக அல்ல. நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நேரம் இருக்கிறது, உட்கார்ந்து படித்துப் பார்ப்பார் என்பது அவர் போட்ட கணக்கு. படித்துப் பார்த்தேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

கேட்கலாமா கூடாதா என்பது இனி ஒரு கேள்வியே இல்லை. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. இப்போது வாட்ஸ்அப்பைத் திறந்தாலே மெட்டா ஏஐ வந்து நிற்கிறது. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரகடத்திலும் வல்லம் வடகால் சிப்காட்டிலும் இரவு பகலாக ஷிப்ட் ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் இங்கே திறந்த மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது. நம் பிளாக்குகளிலும் இரவு கிளம்பிப் போய்க் காலையில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விழித்திருக்கும்போது கிளினிக் மூடியிருக்கும். கிளினிக் திறந்திருக்கும்போது அவர்கள் தூங்கியாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு வலித்தால் கையில் இருப்பது போன்தான். அதில் கேட்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உலகில் 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளியோடு சராசரியாக எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். டாக்டரைக் குறை சொல்லி என்ன பயன்? வெளியே டோக்கனோடு ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அவர் என்ன செய்வார். கவுன்டரில் வரிசை வாசல் வரை நிற்கும்போது நாங்கள் மட்டும் பாஸ்புக்கை நிதானமாக விளக்கிக்கொண்டா இருந்தோம்? சாட்பாட் அப்படி இல்லை. ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. மனிதனுக்கு அது பிடித்துப்போகிறது.

ஆனால் அந்தப் பதிலின் அடியில் கையெழுத்து இல்லை. இதைத்தான் வங்கிக்காரன் என்ற முறையில் முதலில் கவனித்தேன். வங்கியில் ஒரு வவுச்சரை கிளார்க் தயார் செய்வார். பாஸ் செய்ய அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் நான் மட்டும் கையெழுத்துப் போட்டு ஒரு ரூபாய் வெளியே போகாது. நான் எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் போகாது. எனக்குத் தெரியாது என்பதல்ல காரணம். நாளைக்குத் தவறு என்று வந்தால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும், இரண்டாவது கண் ஒன்று பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவத்திலும் இதே ஏற்பாட்டை நம் அரசாங்கம் எழுதியே வைத்திருக்கிறது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாள், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. போனிலும் வீடியோவிலும் டாக்டர் வைத்தியம் பார்க்கலாம் என்று அனுமதித்த ஆவணம் அது. அதிலேயே தெளிவாக இருக்கிறது: செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதித் தரவோ கூடாது. பதிவு பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், டாக்டருக்கு உதவியாக மட்டும் அந்தத் தொழில்நுட்பம் இருக்கலாம். சாட்ஜிபிடி வருவதற்கு இரண்டரை வருடம் முன்பே எழுதியது இது. ஆக, வவுச்சர் எழுத இதை வைத்துக்கொள்ளலாம். பாஸ் செய்ய வைத்துக்கொள்ள முடியாது.

சரி, வவுச்சராவது ஒழுங்காக எழுதுமா? இங்கேதான் நான் படித்ததில் மிக முக்கியமான விஷயம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 1,298 சாதாரண மக்களை எடுத்துக்கொண்டார்கள். டாக்டர்கள் எழுதிய பத்து நோய்க் கதைகளில் ஒவ்வொருவருக்கும் சிலவற்றைக் கொடுத்து, ‘இது உங்களுக்கே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னவாக இருக்கும், வீட்டில் இருப்பீர்களா, டாக்டரிடம் போவீர்களா, ஆம்புலன்ஸ் கூப்பிடுவீர்களா?’ என்று கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குச் சாட்பாட் கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல் கூகுளோ வேறு எதுவோ பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கதையை முழுசாக அப்படியே சாட்பாட்டிடம் கொடுத்தபோது 100-க்கு 95 தடவை அது பொருத்தமான நோயைச் சொன்னது. அதே சாட்பாட்டை மக்கள் கையில் கொடுத்துப் பேசவிட்டபோது? 100-க்கு 35 கூட இல்லை. சாட்பாட் இல்லாதவர்களை விட இவர்கள் ஒன்றும் மேலாகச் செய்யவில்லை.

95 எங்கே, 35 எங்கே? இடையில் காணாமல் போனது என்ன? பெரும்பாலும் நம் பேச்சுதான். மக்கள் பாதியைச் சொன்னார்கள், பாதியை விட்டார்கள். அது நான்கு காரணம் சொன்னால் அதில் எது முக்கியம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூளையில் ரத்தக்கசிவுக்கான தலைவலியை இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எழுதிக் கேட்டார்கள். ஒருவரை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது. இன்னொருவரை இருட்டறையில் படுத்து ஓய்வெடுக்கச் சொன்னது. இரண்டு கேள்விக்கும் வித்தியாசம் சில வார்த்தைகள்தான்.

அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழி போலப் பேசுகிறவர்கள். நம் கதையை யோசித்துப் பாருங்கள். ‘மயக்கமா வருது’ என்போம். நினைவு தப்பி விழுவதும் மயக்கம், தலை லேசாகக் கிறுகிறுப்பதும் மயக்கம், படுக்கையில் திரும்பினால் அறையே சுற்றுவதும் மயக்கம். டாக்டர் எதிரில் உட்கார்ந்தால் ‘விழுந்தீங்களா, சுத்துதா?’ என்று அடுத்த கேள்வி கேட்பார். மிஷின் ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டு பதிலைக் கொட்டிவிடும். ‘சளி’ என்றால் மூக்கில் ஒழுகுவதா, நெஞ்சில் கட்டியிருப்பதா? ‘உடம்பு சூடு’ என்றால் நம் வீட்டில் காய்ச்சல் என்று அர்த்தமே இல்லை. மாம்பழம் அதிகம் சாப்பிட்டதைச் சொல்கிறோம். ‘சூடு பிடிச்சிடுச்சு’ என்றால் சிறுநீர்க் கடுப்பு. இதை எல்லாம் தங்கிலீஷில் தட்டினால் அதற்கு என்ன புரியும் என்று சொல்ல முடியாது. அதனால் நோயின் பெயரை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். ‘எழுந்து நின்றால் பத்து விநாடி கண் இருட்டுகிறது, விழவில்லை, மூன்று நாளாக, காலையில் மட்டும்.’ இப்படி.

இதைவிட ஆபத்தானது, பதிலையும் சேர்த்துக் கேட்பது. நமக்கு நெஞ்சில் எது வந்தாலும் முதல் பெயர் வாயு. ‘நெஞ்சு பிடிச்ச மாதிரி இருக்கு, கேஸ்தானே?’ என்று கேட்டால், அது நம் பக்கம் சாயப் பார்க்கும். நம்மைத் திருப்திப்படுத்தும் சுபாவம் அதற்கு உண்டு. சீரகத் தண்ணீர், இடது பக்கம் சாய்ந்து படுங்கள் என்று அழகாக வரிசை போட்டுத் தந்துவிடலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பதில்லை. தாடை வலியாக, வியர்வையாக, மூச்சு வாங்குவதாக, வாந்தியாக வரலாம். ‘கேஸ்தானே’ என்ற ஒரு வார்த்தை சாட்பாட்டையும் ஏமாற்றும், கேட்பவரையும் ஏமாற்றும்.

நீங்கள் இருக்கும் ஊரையும் சொல்ல வேண்டும். அதற்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதியது. காய்ச்சல், உடம்பு வலி என்று மொட்டையாகக் கேட்டால் ஃப்ளூ என்று எடுத்துக்கொண்டு ஐபுப்ரோஃபென் போடலாம் என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கம் காய்ச்சல் என்றால் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியுமா? டெங்குவில் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும், கூடாது. இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது இவற்றில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி, தலைப்பில் சொன்ன தாளுக்கு வருகிறேன்.

டாக்டர் நமக்குத் தரப்போவது இரண்டு நிமிடம் என்றால் அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்காமல் இருக்கச் சாட்பாட்டை வேலை வாங்கலாம். நான் செய்வது இதுதான். என் தொந்தரவைத் தமிழில் நீளமாக, முன்பின்னாக, தோன்றியபடி எழுதிவிடுவேன். பிறகு, ‘எனக்கு என்ன நோய் என்று சொல்லாதே. டாக்டரிடம் காட்ட அரைப்பக்கத்தில் சுருக்கித் தா. நான் சொல்ல விட்டுப்போனது என்ன என்று என்னிடம் கேள் ’ என்பேன். அது கேட்கும்: எப்போது ஆரம்பித்தது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எடை குறைந்ததா, அப்பா அம்மாவுக்கு இருந்ததா. அடேயப்பா, நல்ல கேள்விகள். பதில் எழுதினால் தாள் தயார். அதோடு போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும், பெயர், மில்லிகிராம், வேளை மூன்றையும், எழுத வேண்டும். கை வைத்தியமும், கடையில் வாங்கிய வலி மாத்திரையும், சித்த மருந்தும் சேர்த்து. ‘அதெல்லாம் மருந்தா சார்’ என்று விட்டுவிடுவதுதான் பல பேர் வழக்கம்.

மாத்திரைப் பெயரை அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக எழுதுங்கள். பிராண்ட் பெயரை விட அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் முக்கியம். நம் நாட்டில் ஒன்றுபோல் ஒலிக்கும் பிராண்ட் பெயர்கள் ஏராளம். சாட்பாட் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் நமக்குத் தெரியவே தெரியாது. தவறான பதிலையும் சரியான பதிலையும் அது ஒரே குரலில்தான் சொல்லும்.

டாக்டரைப் பார்த்து வந்த பிறகும் அது உதவும். என் மனைவிக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. மூட்டு வலிக்காகப் பிறகு வேறொரு டாக்டர் கால்சியம் எழுதினார். இரண்டையும் காலையிலேயே போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு சீட்டையும் சேர்த்துத் தட்டி, ‘டாக்டரிடம் கேட்க வேண்டியது ஏதாவது உண்டா?’ என்றேன். கால்சியம் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், டாக்டரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள் என்றது. கேட்டோம். ‘ஆமாம்மா, கால்சியத்தை ராத்திரிக்கு மாத்திக்கோங்க’ என்றார். தப்பு யாருடையதும் இல்லை. அவர் சீட்டு இவரிடம் இல்லை, இவர் சீட்டு அவரிடம் இல்லை. இரண்டு லெட்ஜரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவே.

அமெரிக்காவில் ஒரு தாய் இதைப் பெரிய அளவில் செய்தார். 2023-இல் செய்தியாக வந்தது. அவருடைய சின்னப் பையனுக்குத் தீராத வலி. மூன்று ஆண்டில் 17 டாக்டர்களைப் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் எம்ஆர்ஐ அறிக்கையில் இருந்ததை எல்லாம் வரி வரியாகச் சாட்ஜிபிடியில் எழுதினார். முதுகுத்தண்டு நரம்பு இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் ஒரு பிறவிக் கோளாறின் பெயரைச் சொன்னது. அந்தப் பெயரோடு புதிய நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் போனார், அவர் படங்களைப் பார்த்து உறுதி செய்தார். ‘டாக்டரை மிஞ்சுது’ என்கிற கட்சிக்காரர்கள் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் அந்தம்மா ஒரு வரியும் விடாமல் எழுதியதையும், பதினெட்டாவதாக ஒரு டாக்டரிடம் போனதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

போகாதவர் கதையும் இருக்கிறது. அதே நாட்டில் 60 வயதுக்காரர் ஒருவர். உப்பு கெடுதல் என்று படித்து, உப்பில் உள்ள குளோரைடுக்குப் பதில் என்ன என்று சாட்ஜிபிடியிடம் ஆலோசித்து, சோடியம் புரோமைடை இணையத்தில் வாங்கி மூன்று மாதம் சாப்பாட்டில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மனப்பிரமை முற்றி, மூன்று வாரம் உள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. நூறு வருடத்துக்கு முன்பு சகஜமாக இருந்து இப்போது அநேகமாக மறைந்துவிட்ட புரோமைடு நஞ்சு. 2025-இல் மருத்துவ இதழில் இதை எழுதிய டாக்டர்கள், தாங்களும் கேட்டுப் பார்த்தார்கள். புரோமைடு என்ற பெயர் பதிலில் வந்தது. உடம்புக்கு ஆகாது என்ற எச்சரிக்கை வரவில்லை, எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற கேள்வியும் வரவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சியே கேட்டிருப்பார்.

ஆகவே மருந்தை ஆரம்பிப்பது, நிறுத்துவது, அளவைக் கூட்டுவது குறைப்பது மூன்றும் சாட்பாட் சொல்லி வேண்டாம். பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டு நிறுத்துவது இதில் அடங்கும். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. சாட்பாட் பெயர் சொன்னது என்று கடையில் போய் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள்.

போனைத் திறக்கவே கூடாத நேரங்களும் உண்டு. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வரவில்லையானால், பேச்சு குழறினால் அது பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம்தான் கெடு. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரகடம் ரோட்டைத் தாண்டித் தண்டலமோ காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கெடுவில் சாட்பாட்டுக்குக் கொடுக்க ஐந்து நிமிடம் கிடையாது. நெஞ்சு அழுத்தத்துக்கும் அப்படியே. 108. அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும். பாம்பு கடித்தாலும் 108தான். நம் பின்பக்கம் இன்னும் புதரும் ஏரிக்கரையும்தான், மழைக்காலத்தில் பார்க்கிங்கிலேயே பார்த்திருக்கிறோம். என்ன பாம்பு என்று போட்டோ எடுத்துச் சாட்பாட்டிடம் காட்ட வேண்டாம். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104 இருக்கிறது, மனிதக் குரல் பேசும்.

மனசு சரியில்லை என்று ராத்திரியில் இதனோடு பேசுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்து வேலை பார்க்கிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். பேசட்டும். ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இந்த எண்ணை உங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்று ஆயுள் முழுக்கச் சொன்னவன் நான். லேப் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து ஏற்றும்போது மேலே இருக்கும் பெயர், போன் நம்பர், நோயாளி எண் மூன்றையும் விரலால் மறைத்துவிட்டு எடுங்கள். ரத்தத்தில் இருக்கும் கிரியாட்டினினுக்கு உங்கள் பெயர் தேவையில்லை.

கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டார்: ‘சார், ஏஐ சொல்லுச்சுன்னு சொன்னா டாக்டர் கோபப்பட மாட்டாரா?’ நல்ல கேள்வி. ‘ஏஐ சொல்லுது, உங்களுக்குத் தெரியலையே’ என்ற தொனியில் ஆரம்பித்தால் யாருக்கும் கோபம் வரும். தாளை நீட்டி, ‘டாக்டர், எழுதி வந்திருக்கேன், ஒரு தடவை பார்த்துடுங்க’ என்றால் இதுவரை எனக்குத் தெரிந்து யாரும் கோபப்பட்டதில்லை. ஏஐ ஒரு நோயின் பெயரைச் சொல்லி அது உங்களைப் பயமுறுத்துகிறது என்றால் அதையும் மறைக்காதீர்கள். ‘இது இருக்குமோன்னு பயமா இருக்கு, இல்லைன்னு எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தோ, ஸ்டெதாஸ்கோப்பை வைத்தோ அவர் பதில் சொல்வார். அந்தக் கை சாட்பாட்டுக்குக் கிடையாது.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருப்பேன். தனியாக இருக்கும் பெரியவர்கள், டைப் அடிக்க வராதவர்கள் வாருங்கள். போட்டுக்கொள்ளும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பாதி வெட்டிய அட்டையானாலும் பெயர் தெரிந்தால் போதும். பெரிய எழுத்தில் இரண்டு பிரதி எழுதித் தருகிறேன். ஒன்று பர்ஸில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில். எந்த மாத்திரை நல்லது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்குக் கையெழுத்து அதிகாரம் கிடையாது. கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.